டெம்ப்ளேட்டுக்கு ஒரு வாசல், பிளக்இனுக்கு ஒரு வாசல்

ஏற்காட்டில் ஒரு சிறு காபி எஸ்டேட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை பழம் பறிப்பு நடக்கிறது. ஒவ்வொருவரும் பறித்ததை மாலையில் எடை போட்டு, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி எழுத வேண்டும். சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த மிளகுக்குத் தனிக் கணக்கு. இந்த வேலைக்கு அலுவலகச் செயலி ஒன்றை வாங்கினால் அதில் 'வாடிக்கையாளர்' இருக்கும், 'விற்பனை' இருக்கும். பறிப்புக் கூலி இருக்காது. எல்லாத் தொழிலின் கணக்கையும் ஒரே நிறுவனம் அறிந்திருக்க முடியாது. தொழில் தெரிந்த வெளியாட்கள் அந்தக் குறையை நிரப்புவதற்கான இடம்தான் மார்க்கெட்பிளேஸ்.

1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய ஜோஹோவும், 2010-இல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸும் இப்படிப்பட்ட சந்தைகளை நடத்துகின்றன. இவ்வகைச் சந்தைகளில் வரும் சரக்கைப் பொதுவாக இரண்டாகப் பிரிக்கலாம்.

ஒன்று டெம்ப்ளேட். கட்டம் போட்டுத் தலைப்பு எழுதிய வெறும் படிவம் இது. 'பறித்தவர், தேதி, கிலோ, கூலி' என்று வரிசை இருக்கும். நிரப்புவது நம் வேலை. மற்றொன்று பிளக்இன். இது இயங்கும் நிரல். எடை இயந்திரத்திலிருந்து எண்ணை எடுத்துத் தானே பதியும், குறுஞ்செய்தி அனுப்பும். அதற்காக நம் தரவைப் படிக்கவும் வெளியே அனுப்பவும் அனுமதி கேட்கும்.

டெம்ப்ளேட் சரியில்லை என்றால் கணக்கு குழம்பும், அவ்வளவுதான். பிளக்இன் கெட்டதாக இருந்தால் தொழிலாளரின் தொலைபேசி எண்ணும் வங்கிக் கணக்கும் வெளியே போய்விடும். ஆகவே இரண்டையும் ஒரே விதமாகச் சோதிப்பது தவறு. டெம்ப்ளேட்டுக்கு வாசல் அகலமாக இருக்கட்டும். எஸ்டேட் ரைட்டர் ஒருவர் தன் கணக்குப் படிவத்தை ஒரே நாளில் வெளியிட முடிய வேண்டும். பிளக்இனுக்கு வாசல் குறுகலாக இருக்கட்டும். எடையைப் பதியும் பிளக்இனுக்கு எடைப் பத்தியைத் தவிர வேறெதையும் தொட அனுமதி தேவையில்லை. தன் சந்தைக்கு வரும் செயலிகள் எந்த வெளி முகவரிகளோடு பேசும் என்பதை முன்கூட்டியே எழுதித் தரும்படி ஃப்ரெஷ்வொர்க்ஸ் கேட்பது இந்த வகையில் நல்ல முறை.

முதல் நாள் சோதனை மட்டும் போதாது. குரோம் உலாவியில் 'தி கிரேட் சஸ்பெண்டர்' என்ற நீட்சியை, அதாவது உலாவிக்கான பிளக்இனை, பல லட்சம் பேர் பயன்படுத்தினார்கள். 2020-இல் அது கைமாறியது; 2021 பிப்ரவரியில், தீங்கான நிரல் இருப்பதாகச் சொல்லி கூகுள் அதை நீக்கியது. நம்பிக்கை பழைய உரிமையாளர் சம்பாதித்தது, அதைச் செலவழித்தது புதியவர். எனவே உரிமை மாறினாலும், புதிய அனுமதி கேட்டாலும், பயனரிடம் சொல்லி மறுபடி ஒப்புதல் வாங்குவதைச் சந்தை கட்டாயமாக்க வேண்டும்.

தேடல் பெட்டியும் அதே அளவு முக்கியம். மலையில் இருப்பவர் 'பேரோல்' என்று தேடமாட்டார். 'பறிப்புக் கூலி' என்றுதான் தட்டுவார். அந்தச் சொல்லுக்கு விடை வர வேண்டும். நிறுவும் முன்பே, மாதிரிக் கணக்கு நிரப்பிய படிவத்தைப் பார்க்க முடிய வேண்டும். சிக்னல் விட்டுவிட்டு வரும் இடங்களில் இணையம் இல்லாமல் இயங்குமா என்பதையும் முகப்பிலேயே எழுத வேண்டும்.

அடுத்தது கமிஷன். ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலருக்குள் உள்ளவர்களுக்கு 2021 முதல் ஆப்பிள் தன் செயலிச் சந்தையில் எடுக்கும் பங்கை 30 சதவீதத்திலிருந்து 15 ஆகக் குறைத்தது. சிறு தொழிலுக்கு எழுதும் டெம்ப்ளேட்டை வாங்குவோர் சில நூறு பேர்தான். அதில் கமிஷன் எடுக்காமல் விடுவதே சந்தைக்கு லாபம்; அந்தப் படிவம்தான் புதிய பயனரைச் செயலிக்குள் கூட்டி வருகிறது.

கடைசியாக, வெளியேறும் வழி. பிளக்இனை நீக்கினாலும், சந்தாவை நிறுத்தினாலும், எழுதிய கணக்கு முழுவதையும் சாதாரண எக்செல் கோப்பாக எடுத்துச் செல்ல முடிய வேண்டும். பறிப்புக் கணக்கு எஸ்டேட்டுக்கும் அதில் உழைத்தவர்களுக்கும் சொந்தமானது. அதைப் பிடித்துவைத்து ஆளை நிறுத்தும் சந்தையில் சரக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது நல்ல வடிவமைப்பு ஆகாது.