ஆடு புலி ஆட்டம்

கோயில் மண்டபத்து நிழலில் பாட்டனாருடன் ஆடு புலி ஆடிய நாட்களை எண்ணுந்தோறும் என் உள்ளம் இனிக்கிறது. தமிழகத்துப் பழங்கோயில்கள் பலவற்றின் கல்தளத்தில், முக்கோணத்தை ஊடறுக்கும் கோடுகளை இன்றும் காணலாம். அதுவே ஆட்டக்களம். வழக்கமான களத்தில் 23 புள்ளிகள். ஒருவருக்கு 3 புலிகள், மற்றவருக்கு 15 ஆடுகள்.

நேர்கோட்டில் அடுத்துள்ள ஆட்டைத் தாண்டி, அப்பாலுள்ள வெற்றுப்புள்ளியில் இறங்கினால் புலி அதனை வெட்டிவிடும். ஆடுகள் வெட்டமாட்டா, ஒன்றுக்கொன்று துணைநின்று புலிகளை அசையவொட்டாமல் அடைத்தால் வெல்லும். இடம் மாறி ஆடும்போது வலியவன் செருக்கையும் எளியவர் ஒற்றுமையையும் நாமே நடித்து உணர்கிறோம்.

பலகைகளைச் சேகரித்து வைப்பதனால் மட்டும் ஆட்டம் வாழாது. திருவிடந்தைக் கடற்கரைக்குச் சென்றால், மணலில் களம் வரைந்து, கிளிஞ்சல்களைக் காய்களாக்கி, முதியவர் ஒருவருடன் ஆடிப் பாருங்கள்.