எலியின் கையை நீவிவிட்டால்

கோத்தா கோலா மூடாவிலிருந்து பீடோங் வரை, கித்தா தோட்டங்களில் மரம் சீவிப் பிழைத்தவர்களுக்கு மணிக்கட்டு வலி புதிதல்ல. இருட்டு விலகும் முன்பே நூற்றுக்கணக்கான மரங்கள், எல்லாவற்றுக்கும் அதே உளி, அதே இழுப்பு. வலி கண்டால் எண்ணெய் போட்டு நீவிவிட லயத்தில் ஒரு பாட்டி இருப்பார். இல்லாவிட்டால் கம்பத்தில் உருட் பிடிக்கும் மக்சிக். நீவினால் சுகம்தான். ஆனால் உள்ளே சதைக்கும் நரம்புக்கும் என்ன ஆகிறது?

மனிதரிடம் இதைச் சோதிப்பது கடினம். மருந்தென்றால் பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரையைக் கொடுத்து ஒப்பிடலாம். நீவாமலே நீவியதாக யாரை நம்பவைக்க முடியும்? நரம்பை அறுத்துப் பார்க்கத்தான் யார் கை நீட்டுவார்?

எனவே எலி. அமெரிக்காவில் ஜெஃப்ரி போவ், மேரி பார்ப் குழுவினர் எலிகளை 6 வாரம் பழக்கினார்கள்: கைப்பிடியை எட்டிப் பிடித்துப் பலமாக இழுத்தால் தீனி. பிறகு 12 வாரம் அதே வேலை. ஒரு பிரிவுக்கு மட்டும் வேலை தொடங்கியதிலிருந்தே வாரம் 5 நாள் கையால் நீவிவிட்டார்கள். முடிவு 2016இல் வெளிவந்தது. நீவப்படாத எலிகளின் முன்கையில், நரம்பைச் சுற்றிலும்கூட, கொலாஜன் நார் தடித்திருந்தது. நீவப்பட்டவற்றில் அது கணிசமாகக் குறைவு, பிடிபலமும் தேறியிருந்தது. எலிக்குப் பாட்டியின் கைராசி மேல் நம்பிக்கை கிடையாது என்பதால் இந்தச் சாட்சிக்குத் தனி மதிப்பு. ஆனால் நீவப்பட்டவை 5 எலிகள்தான். இதை வைத்து விளம்பரப் பலகை எழுதக் கூடாது.

கை என்றால் அழுத்தம் ஆளுக்கு ஆள் மாறும். அந்தக் குறையை 2021இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் இயந்திரத்தால் தீர்த்தார்கள் (பீடோங் ஹார்வர்ட் தோட்டம் அல்ல, அமெரிக்கப் பல்கலைக்கழகம்). மென்மையான முனை கொண்ட ரோபோ, அடிபட்ட சுண்டெலிக் காலை அளந்த விசையில் 14 நாள் அழுத்தியது. காயத்துக்கு முதலில் ஓடிவரும் நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்கள் வேலை முடிந்தும் தங்கிவிட்டால், புதுத் தசை வளரத் தடை. அழுத்தம் அவற்றைச் சீக்கிரம் வெளியேற்றியது. தசையிழைகள் நன்றாகத் தடித்து வளர்ந்தன.

போவ் எலிகளுக்குக் கிடைத்தது வருமுன் காப்பு. முற்றிய கோளாறை நீவித் தீர்க்கலாம் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. இரவில் விரல் மரத்துப்போகிறதா, பிடித்த சாமான் நழுவுகிறதா? எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துவிட்டு முதலில் கிளினிக்குக்குப் போங்கள்.