எட்டுப் பாட்டில் எது சோடை?
தலத்தெருவில் கேட்டால் சண்டைதான்!

காரைக்காலை ஒட்டிய ஊர் தலத்தெரு. அங்கே டீக்கடை பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள்.

"காதலிக்க நேரமில்லை படத்தில் எட்டுப் பாட்டு. அதில் சோடையான பாட்டு எது?"

அவ்வளவுதான். டீ ஆறிப்போகும். பேச்சு ஆறாது!

"எது நல்ல பாட்டு?" என்று கேட்டால் ஆளுக்கு ஒன்றைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். "எது சோடை?" என்று கேட்டால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். தனக்குப் பிடித்த பாட்டை இன்னொருவர் குறை சொல்வதை யார்தான் பொறுப்பார்கள்?

படம் வந்து 60 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

சிரிக்க வைத்த படம்

1964-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் வெளிவந்த படம் 'காதலிக்க நேரமில்லை'. டைரக்டர் ஸ்ரீதர்.

ஸ்ரீதர் என்றால் அதுவரை ஜனங்களுக்குக் கண்ணீர்ப் படங்கள்தான் ஞாபகம் வரும். 1959-ல் 'கல்யாணப் பரிசு'. 1962-ல் 'நெஞ்சில் ஓர் ஆலயம்'. இரண்டும் கைக்குட்டையை நனைத்த படங்கள்.

அந்த ஸ்ரீதர், தன் நண்பர் கோபுவுடன் சேர்ந்து ஒரு முழு நீள நகைச்சுவைப் படம் எடுத்தார். அதையும் ஈஸ்ட்மென் கலரில் எடுத்தார். ஆழியாறு பக்கத்துப் பசுமை திரையில் விரிந்தது.

கதை எளிமையானது. சின்னமலை எஸ்டேட் முதலாளி விஸ்வநாதன். பணத்தைக் கண்டால் பல்லெல்லாம் தெரிய இளிப்பார். ஏழையைக் கண்டால் எரிந்து விழுவார். அந்த வேடத்தில் டி.எஸ்.பாலையா வெளுத்துக் கட்டினார். அவருடைய மகனாக நாகேஷ். சொந்தப் பட முதலாளி ஆகவேண்டும் என்று துடிக்கிற பிள்ளை! மகள்களாகக் காஞ்சனாவும் ராஜஸ்ரீயும் நடித்தார்கள். அவர்களைக் காதலிக்கும் வாலிபர்களாக முத்துராமனும், புதுமுகம் ரவிச்சந்திரனும் வந்தார்கள்.

இசை விஸ்வநாதன் - ராமமூர்த்தி. பாட்டு கண்ணதாசன். மெல்லிசை மன்னர்கள் என்ற பட்டம் இந்த இரட்டையருக்குக் கிடைத்தது 1963-ல். மறு வருடமே இந்தப் படம் வந்தது. 1965-ல் இருவரும் பிரிந்துவிட்டார்கள்.

அதாவது, இருவரும் சேர்ந்து உச்சியில் இருந்த நேரத்தில் பிறந்த எட்டுப் பாட்டுகள் இவை. அதனால்தான் இதில் சோடையைத் தேடுவது வைக்கோல் போரில் ஊசியைத் தேடுவது போல!

மூன்று கட்சிகள்

தேடினாலும் விடமாட்டார்களே! டீக்கடைப் பேச்சைக் கவனித்தால் மூன்று கட்சிகள் தெரியும்.

முதல் கட்சி வானொலிக் கட்சி. காதால் மட்டும் கேட்டு வளர்ந்தவர்கள்.

காரைக்கால் கடற்கரை ஊர். 1954 நவம்பர் முதல் தேதி வரை அது பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. ஆனால் அங்கே பாட்டு வந்தது பிரெஞ்சு நாட்டிலிருந்து அல்ல. கடலுக்கு அப்பால், இலங்கையிலிருந்து வந்தது! அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கி வைத்திருந்த காலத்தில், இலங்கை வானொலி அள்ளி அள்ளிக் கொடுத்தது. 1957 அக்டோபரில் 'விவித பாரதி' தொடங்கிய பிறகும் இலங்கையின் செல்வாக்குக் குறையவில்லை.

இந்தக் கட்சிக்கு இனிமைதான் அளவுகோல். இவர்கள் சொல்வார்கள்:

"விஸ்வநாதன் வேலை வேண்டும் என்பதெல்லாம் ஒரு பாட்டா, அண்ணே? கோஷம் அல்லவா போடுகிறார்கள்!"

இரண்டாவது கட்சி இசைத்தட்டுக் கட்சி. பழைய 78 சுற்று இசைத்தட்டில் பக்கத்துக்கு ஒரு பாட்டு. சுமார் 3 நிமிடம் ஓடும். பிறகு வந்த 45 சுற்றுச் சிறு தட்டில் பக்கத்துக்கு இரண்டு பாட்டு வைத்தார்கள். காசு கொடுத்துத் தட்டு வாங்குகிறவர் கணக்குப் பார்ப்பார். "இந்தப் பாட்டுக்குப் பதில் இன்னொரு காதல் பாட்டு இருந்திருக்கலாமே" என்பார். இவர்கள் 'மலரென்ற முகம்' பாட்டின் பக்கம் கை காட்டுவார்கள்.

"அதை எத்தனை தடவை கேட்டிருக்கிறாய், தம்பி?" என்று பக்கத்தில் இருப்பவர் மடக்குவார்.

பதில் வராது. அதிகம் கேட்காத பாட்டைச் சோடை என்று சொல்லிவிடுவது சுலபம். கேட்காதது நம் குற்றம். பாட்டின் குற்றம் அல்ல!

மூன்றாவது கட்சி கொட்டகைக் கட்சி. படத்தைப் பல தடவை பார்த்தவர்கள். மற்ற இரண்டு கட்சிகளையும் பார்த்து இவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று.

"அந்தப் பாட்டை எடுத்துவிட்டால் படம் நிற்குமா?"

இந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது.

வேலை கேட்ட பாட்டு

முதலில் குற்றவாளிக் கூண்டில் நிற்கும் 'விஸ்வநாதன் வேலை வேண்டும்' பாட்டை எடுத்துக்கொள்வோம்.

எஸ்டேட்டில் வேலை பார்த்த ரவிச்சந்திரனை முதலாளி விலக்கிவிடுகிறார். அவர் அழுதுகொண்டே ஊருக்குப் போய்விட்டால் கதை அங்கேயே முடிந்தது. அவர் போகவில்லை. முதலாளி வீட்டுக்கு எதிரிலேயே கூடாரம் அடித்துப் போராட்டம் தொடங்குகிறார். கோஷமே பாட்டாகிறது. மெட்டு குதிக்கிறது. உள்ளே பாலையா பல்லைக் கடிக்கிறார். கொட்டகை சிரிக்கிறது.

இந்தப் பாட்டு இல்லாவிட்டால் ரவிச்சந்திரன் அந்த வீட்டைச் சுற்றிவரக் காரணமே இல்லை. காதலும் இல்லை. கதையும் இல்லை.

இன்னொரு வேடிக்கை. படத்தில் முதலாளி பெயர் விஸ்வநாதன். பாட்டுக்கு இசை அமைத்தவரில் ஒருவர் பெயரும் விஸ்வநாதன். இசை அமைப்பாளர் பெயரையே கூவிக் கூவி வேலை கேட்கும் பாட்டு வேறு எங்கே உண்டு?

தனியாக வானொலியில் கேட்டால் கோஷம். படத்தில் பார்த்தால் அதுவே முதுகெலும்பு!

கிழவர் குரல்

படத்தின் பெயரையே தாங்கி வரும் பாட்டையும் சிலர் குறை சொல்வார்கள். "மற்றப் பாட்டெல்லாம் மெல்லிய குரல். இதில் மட்டும் கணீர் என்று ஒரு குரல். ஒட்டவில்லையே" என்பார்கள்.

ஒட்டாமல் இருப்பதுதான் அங்கே அழகு.

'என்ன பார்வை' பாட்டில் முத்துராமனுக்குக் குரல் கொடுத்தவர் யேசுதாஸ். தமிழுக்கு அப்போது அவர் புதியவர். இளமையான குரல். கூடப் பாடியவர் எல்.ஆர்.ஈஸ்வரி.

பிறகு கதையில் முத்துராமன் பணக்காரக் கிழவராக வேஷம் போடுகிறார். நண்பனுக்கு அப்பாவாக நடிக்கிறார். கிழவர் வேஷத்தில் அதே இளங்குரலில் பாடினால் வேஷம் கலைந்துவிடாதா?

அதனால் சீர்காழி கோவிந்தராஜனைப் பாட வைத்தார்கள். பக்திப் பாட்டில் கேட்டுப் பழகிய கம்பீரக் குரல். அந்தக் குரலில் ஒரு கிழவர் காதலைப் பற்றிப் பாடுகிறார்! வேஷம் முகத்தில் மட்டும் இல்லை. குரலிலும் இருக்கிறது. சிரிப்பு அங்கேதான் பிறக்கிறது.

குரல் பொருந்தவில்லை என்று குறை சொன்னவர், சிரிப்பின் சூட்சுமத்தையே குறையாகச் சொல்லிவிட்டார்.

அப்படியானால் சோடை எது?

"எடுத்துவிட்டால் படம் நிற்குமா?" என்ற கேள்வியை எட்டுப் பாட்டுக்கும் போட்டுப் பாருங்கள். ஒரு விசித்திரம் நடக்கும்.

எஸ்டேட் முதலாளியின் பெண்களைக் கேலி செய்யும் 'பொன்னான கைகள்' தேறிவிடும். அந்தக் கேலியில்தான் மோதல் சூடு பிடிக்கிறது. பாடியவர் பி.பி.ஸ்ரீனிவாஸ். யாரையும் புண்படுத்தாத மென்மையான குரல். கேலி செய்தாலும் கோபம் வராது!

'அனுபவம் புதுமை' தேறிவிடும். மோதல் காதலாக மாறியதைச் சொல்வது அந்தப் பாட்டு. மெக்சிகோ நாட்டின் 'பெசாமே முச்சோ' என்ற பாட்டின் சாயல் இதில் உண்டு என்று ரசிகர்கள் சொல்வது வழக்கம். அதனால் என்ன? சுசீலாவும் ஸ்ரீனிவாசும் பாடிய பிறகு அது நம் வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டது.

கடைசியில் மாட்டிக்கொள்வது எது தெரியுமா?

'நாளாம் நாளாம்'!

ஆம். தேன் போன்ற பாட்டு. வானொலிக் கட்சி முதல் வரிசையில் வைக்கும் பாட்டு. ஆனால் அதை எடுத்துவிட்டாலும் கதை தடுக்காமல் ஓடும். சிரிப்பும் குறையாது.

இனிமைக் கணக்கில் முதல் வரிசை. கதைக் கணக்கில் கடைசி வரிசை!

இதைச் சொன்னால் டீக்கடையில் கூச்சல் எழும். எழட்டும். அதற்கும் பதில் உண்டு.

அதே பாட்டைத் தலத்தெருவில் ஒரு கல்யாணப் பந்தலில் ஒலிபெருக்கியில் போடுங்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் மாலையோடு உட்கார்ந்திருக்கட்டும். அந்த இடத்தில் 'விஸ்வநாதன் வேலை வேண்டும்' போட முடியுமா? மாமனார் என்ன நினைப்பார்!

பந்தலில் 'நாளாம் நாளாம்' ராஜா. கூடாரத்தில் 'விஸ்வநாதன் வேலை வேண்டும்' ராஜா. இடம் மாறினால் ராஜா மாறுகிறார்.

சிரிப்புக்கு ஏன் இளப்பம்?

ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோடை என்று முதலில் மாட்டுவது பெரும்பாலும் சிரிப்புப் பாட்டுத்தான். காதல் பாட்டு தப்பிவிடுகிறது. சோகப் பாட்டும் தப்பிவிடுகிறது.

இது நம் ஊரில் மட்டும் அல்ல. அமெரிக்காவைப் பாருங்கள். 1963-ல் ஆலன் ஷெர்மன் என்பவரின் நகைச்சுவைப் பாட்டுத் தொகுப்பு அந்த நாட்டு விற்பனைப் பட்டியலில் முதல் இடம் பிடித்தது. அதற்குப் பிறகு இன்னொரு நகைச்சுவைப் பாட்டுத் தொகுப்பு முதல் இடத்துக்கு வந்தது எப்போது தெரியுமா? 2014-ல்! 'வியர்டு அல்' யாங்கோவிக் என்ற கேலிப் பாட்டுக்காரரின் தொகுப்பு அது. இடையில் 51 ஆண்டுகள் ஓடிவிட்டன.

அழ வைப்பவர் பெரிய கலைஞர், சிரிக்க வைப்பவர் சின்னக் கலைஞர் என்று உலகம் முழுவதும் ஒரு நினைப்பு இருக்கிறது. சிரிக்க வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் சிரமம் தெரியும்.

எட்டு நாலாகலாமா?

இந்தச் சண்டை வெறும் பொழுதுபோக்குத்தானே என்று நினைக்க வேண்டாம். இதில் ஒரு நஷ்டமும் ஒளிந்திருக்கிறது.

அந்த நாளில் தட்டு சுற்றும்போது பிடிக்காத பாட்டையும் கேட்டுத்தான் ஆகவேண்டும். கேட்கக் கேட்கச் சில பாட்டுகள் பிடித்துப் போகும். இன்று அப்படி இல்லை. பாட்டு கைப்பேசியில் இருக்கிறது. பிடிக்கவில்லையா? விரலால் ஒரு தட்டு. அடுத்த பாட்டு வந்துவிடும்.

ஒருவர் "அது சோடை" என்கிறார். அதைக் கேட்டு இன்னொருவர் தள்ளிவிடுகிறார். தள்ளத் தள்ள எட்டுப் பாட்டு நாலாகிறது. பேரப் பிள்ளைகளுக்கு மீதி நாலு பாட்டு இருந்ததே தெரியாமல் போகிறது. இந்தப் பாட்டுகளை உண்டாக்கிய கண்ணதாசனும் இல்லை, விஸ்வநாதனும் இல்லை, ராமமூர்த்தியும் இல்லை. பாட்டுக்காக வழக்காட இனி ரசிகர்கள்தான் இருக்கிறார்கள்.

சினிமாக் கொட்டகை வாசலில் ஒரு காலத்தில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். சில காசுதான் விலை. முன்னால் கதைச் சுருக்கம் இருக்கும். "மீதியை வெள்ளித் திரையில் காண்க" என்று முடியும். பிறகு பாட்டுகள் வரிசையாக அச்சாகி இருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவர்கள் பலர் அந்தப் புத்தகத்தை வைத்துத்தான் பழகினார்கள். தெரிந்த பாட்டாக இருந்ததால் தெரியாத எழுத்தும் பிடிபட்டது!

அந்தப் புத்தகத்தில் நல்ல பாட்டு, சோடைப் பாட்டு என்ற பேதம் கிடையாது. எல்லாவற்றுக்கும் ஒரே காகிதம். ஒரே மை.

பதிகம் பாடிய காரைக்கால் அம்மையார் பிறந்த மண் அது. பாட்டை எடை போட அந்த ஊர்க்காரர்களுக்கு உரிமை உண்டு. தாராளமாகச் சண்டை போடட்டும். ஆனால் தீர்ப்புச் சொல்லும் முன் எட்டுப் பாட்டையும் ஒரு தடவை முழுதாகக் கேட்டுவிடட்டும். படத்தையும் பார்த்துவிடட்டும்.

உங்கள் வீட்டிலும் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். தாத்தா ஒன்று சொல்வார். பேத்தி ஒன்று சொல்வாள். யார் ஜெயித்தாலும் சரி, இரண்டு பேரும் எட்டுப் பாட்டையும் கேட்டிருப்பார்கள்!