தங்கம் போன ஊருக்கு மின்னணுத் தொழில் வருமா?

புது தில்லி: மின்தேக்கி உள்ளிட்ட மின்னணு உதிரிபாகங்களை உள்நாட்டிலேயே தயாரிப்பதற்கான ரூ.22,919 கோடி திட்டத்துக்கு 2025 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இத் திட்டத்தின் பயன் எந்த ஊர்களைச் சென்றடையும் என்பது, கோலார் தங்க வயலின் கோரமண்டல் போன்ற தமிழர் குடியிருப்புகளுக்கு வாழ்வாதாரக் கேள்வியாகும்.

மின்சாரம் இவ் வட்டாரத்துக்குப் புதிதல்ல. சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து 1902-லேயே இங்கு மின்சாரம் வந்துவிட்டது. பெங்களூர் நகருக்கு அது கிடைத்தது 1905-ல்தான். ஆனால், அந்த மின்சாரத்தால் இயங்கிய சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ம் தேதியுடன் மூடப்பட்டன. வட ஆர்க்காட்டிலிருந்து வந்து மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கி உழைத்தவர்களின் வாரிசுகள், இன்று வேலைக்காக அன்றாடம் ரயிலில் பெங்களூர் சென்று திரும்புகின்றனர்.

மின்னணுத் துறையில் இப்போது கவனம் பெற்றுவரும் பொருள்களுள் ஒன்று, பெர்ரோ எலெக்ட்ரிக் நானோ துகள்களையும் பாலிமரையும் சேர்த்து உருவாக்கும் மென்படலம். மின்புலத்தால் ஏற்படும் முனைவாக்கத்தை, அம் மின்புலம் நீங்கிய பின்னரும் தக்க வைத்துக்கொள்ளும் பொருளே பெர்ரோ எலெக்ட்ரிக். 1920-ல் ரோஷெல் உப்பில் இப் பண்பை ஜோசப் வாலசெக் கண்டறிந்தார்.

இவ் வகையைச் சேர்ந்த பேரியம் டைட்டனேட்டின் மின்காப்பு மாறிலி ஆயிரத்துக்கும் மேல். ஆனால், அதை அடர்ந்த பீங்கானாக்க வழக்கமாக 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்க வேண்டும். பிளாஸ்டிக் தகடு அவ் வெப்பத்தைத் தாங்காது. பாலிமரோ வளையும், குறைந்த வெப்பத்தில் பூசவும் இயலும். எனினும் அதன் மாறிலி பெரும்பாலும் பத்துக்குள்தான். இரண்டையும் கலந்தால் இரண்டின் நன்மையும் ஓரளவு கிடைக்கும். வளையும் திரைகள், உணர்விகள், நினைவகங்கள் ஆகியவற்றில் இதைப் பயன்படுத்த முடியும்.

சிக்கலும் உண்டு. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டால் இடையே காற்று இடைவெளிகள் உருவாகி, குறைந்த மின்னழுத்தத்திலேயே படலம் பழுதாகிவிடும். தாங்கும் மின்னழுத்தம் பாதியானால், மின்தேக்கி சேமிக்கும் ஆற்றல் கால் பங்காகச் சுருங்கும். துகள்களின் மேற்பரப்பில் பாஸ்போனிக் அமில மூலக்கூறுகளைப் பிணைத்து, அவற்றைச் சீராகப் பரவச் செய்யும் வழியை 2007-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் வெளியிட்டனர்.

இத்தகைய ஆய்வுக்கு வேண்டிய அறிவுத்தளம் தொலைவில் இல்லை. பெர்ரோ எலெக்ட்ரிக் பொருள்களில் நீண்ட அனுபவம் கொண்ட இந்திய அறிவியல் கழகம் சுமார் 100 கி.மீ. தொலைவில்தான் உள்ளது. 1964-ல் தொடங்கப்பட்ட பெமல் நிறுவனத்தின் ஆலை தங்க வயலிலேயே இயங்குகிறது.

நிலமும் இருக்கிறது. ஆனால், அதில் பெரும்பகுதி மத்திய அரசின் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் வசமுள்ளது. சயனைடு கலந்த மண்மேடுகளில் எஞ்சியுள்ள தங்கத்தை எடுக்கும் திட்டத்துக்கு 2024-ல் கர்நாடக அமைச்சரவை இசைவு தெரிவித்தது. மேடுகளில் மிஞ்சிய தங்கத்துக்காக ஒன்றுபட முடிந்த இரு அரசுகளும், ஊரில் மிஞ்சிய இளைஞர்களின் தொழிற்பயிற்சிக்காகவும் ஒன்றுபட வேண்டும். மென்படல ஆலை ஒன்று அமைந்தாலும், பயிற்சி இல்லையேல் கோரமண்டல் இளைஞருக்கு அதன் வாயிற்காவல் பணியே மிஞ்சும்.