நெஞ்சு வலித்தால் கணக்கு முடிக்கக் காத்திருக்காதீர்!

தீபாவளிக்கு முந்தைய வாரம். கடையில் நிற்க இடமில்லை. கல்லாவில் இருக்கும் முதலாளிக்கு நெஞ்சில் பாரம் ஏற்றி வைத்தாற்போல் ஓர் அழுத்தம், உடம்பெல்லாம் வியர்வை. "வாயுவாக இருக்கும், ஒரு சோடா வாங்கி வா" என்று கடைப் பையனை அனுப்புகிறார். சோடா குடித்தும் அடங்கவில்லை. "கூட்டம் குறையட்டும், கணக்கை முடித்துவிட்டு டாக்டரிடம் போகலாம்" என்று உட்கார்ந்தே இருக்கிறார்.

வணிகப் பெருமக்களே, நம்மில் பலரும் இப்படித்தான் நடந்துகொள்கிறோம். இந்தத் தாமதமே பல வேளைகளில் உயிருக்கு உலையாகிவிடுகிறது.

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாயில் கொழுப்புப் படிவு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வதே மாரடைப்பு. அடைபட்ட அரை மணி நேரத்திலேயே தசை சாகத் தொடங்கும். செத்த தசை மீண்டும் உயிர் பெறாது. ஆகவே அடைப்பை எவ்வளவு விரைவில் திறக்கிறோமோ அவ்வளவு தசை மிஞ்சும்.

இதற்கு இன்றுள்ள சிறந்த வழி அவசர ஆஞ்சியோபிளாஸ்டி. நெஞ்சைப் பிளக்க வேண்டியதில்லை. முழு மயக்கமும் பெரும்பாலும் தேவையில்லை. மணிக்கட்டில் அல்லது தொடையிடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டு, இரத்தக் குழாய் வழியே மெல்லிய குழல் ஒன்றை இதயம் வரை செலுத்துகிறார்கள். மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே திரையில் அடைப்பைக் கண்டறிந்து, மயிரிழை போன்ற கம்பியை அதனூடே நுழைத்து, சிறு பலூனை விரித்து வழி திறக்கிறார்கள். மீண்டும் சுருங்காதிருக்க 'ஸ்டென்ட்' என்னும் வலைக் குழாயை அங்கே பொருத்துகிறார்கள். சிக்கல் இல்லையெனில் சில நாட்களில் வீடு திரும்பலாம்.

1977 செப்டம்பர் 16 அன்று சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் டாக்டர் ஆண்ட்ரியாஸ் குருண்ட்சிக், விழித்திருந்த ஒருவரின் இதயக் குழாயைப் பலூனால் முதன்முதலாக விரித்தார். அந்த நோயாளி 38 வயதான காப்பீட்டு விற்பனையாளர். பத்தாண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் அந்தக் குழாய் திறந்தே இருந்தது. 1980-களில் அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் டாக்டர் ஜெஃப்ரி ஹார்ட்ஸ்லர், மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே இம்முறையைக் கையாண்டு வழிகாட்டினார்.

மருத்துவமனைக்குள் நுழைந்த 10 நிமிடத்துக்குள் இ.சி.ஜி., 90 நிமிடத்துக்குள் அடைப்பு நீக்கம் என்பதே மருத்துவர்கள் வைத்திருக்கும் இலக்கு. இதைச் செய்யும் 'கேத் லேப்' எல்லா ஊரிலும் இல்லை. இரண்டு மணி நேரத்துக்குள் அங்கு போய்ச் சேர முடியாதெனில், அருகிலுள்ள மருத்துவமனையிலேயே உறைகட்டியைக் கரைக்கும் ஊசி போட்டுவிட்டு, பின்பு பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அதுவும் உயிர் காக்கும் சிகிச்சையே.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். 2017 பிப்ரவரியில் மத்திய அரசு ஸ்டென்ட்டுக்கு உச்ச விலை நிர்ணயித்ததால் அதன் விலை வெகுவாகக் குறைந்தது. சென்னை இராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனை போன்றவற்றில் இச்சிகிச்சை உண்டு. தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் கைகொடுக்கிறது.

நாம் செய்ய வேண்டியவை:

1. நெஞ்சழுத்தம், இடது கை, தாடை அல்லது முதுகுக்குப் பரவும் வலி, காரணமில்லா வியர்வை, மூச்சுத் திணறல் இவை கண்டால் உடனே 108-ஐ அழையுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலியின்றியும் மாரடைப்பு வரலாம்.

2. தாமே வண்டி ஓட்டிச் செல்வதோ, மாடிப்படி ஏறுவதோ கூடாது.

3. நம் ஊருக்கு அருகில் இரவு பகலாக இயங்கும் கேத் லேப் எங்குள்ளது என்பதை இன்றே விசாரித்து, அதன் தொலைபேசி எண்ணைக் கல்லாவுக்கு மேல் எழுதி ஒட்டுங்கள். கடை ஊழியர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

4. ஸ்டென்ட் வைத்தவர்கள், "இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ஸ்டென்ட்டே அடைத்துக்கொள்ளக் கூடும். பீடி, சிகரெட்டுக்கு அன்றோடு முழுக்குப் போட வேண்டும்.

இன்று விட்ட வியாபாரத்தை நாளை பிடித்துவிடலாம். முடிக்காத கணக்கை மகனோ கணக்குப்பிள்ளையோ முடித்துக்கொள்வார்கள். நெஞ்சு வலிக்கும்போது ஷட்டரை இறக்கக்கூட நிற்காமல் புறப்படுங்கள்.