கோழி வெளியே கருகி உள்ளே வேகவில்லையா? கம்பித் தட்டை உயர்த்த மூன்று தீச்செங்கல் போதும்

ஜோர்ஜ்டவுன் – சூலியா தெருவையும் அதை ஒட்டிய குட்டி இந்தியாவையும் சுற்றி வருபவர்களுக்குத் தந்தூரி கோழி புதிதல்ல. மேலே ஆங்காங்கே லேசாகக் கருகியிருக்கும். உள்ளே எலும்பு வரை வெந்திருக்கும். சாறு வற்றியிருக்காது. அதே மசாலாவைத் தடவி வீட்டுக் கரி அடுப்பில் சுட்டால் மட்டும் பலருக்கு வேறு மாதிரி வருகிறது: வெளியே கரி, உள்ளே சிவப்பு.

அண்மைய ஆண்டுகளில் முட்டை வடிவிலான செராமிக் கிரில் அடுப்பை வாங்கியவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். பெரிய அளவு அடுப்புக்குச் சில ஆயிரம் வெள்ளி செலவழித்த பிறகும் தீபாவளித் திறந்த இல்ல விருந்தில் கோழி கருகினால் எரிச்சல் வரத்தானே செய்யும்! இதில் மசாலாவைக் குறை சொல்ல முடியாது. பெரும்பாலும் கோழி இருக்கும் உயரம்தான் காரணம்.

இந்த அடுப்பின் மூலம் ஜப்பானில் சோறு சமைத்த களிமண் அடுப்பு. 'கமாடோ' என்றால் ஜப்பானிய மொழியில் அடுப்பு என்றே பொருள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கிருந்து திரும்பிய அமெரிக்கப் படைவீரர்கள் இதைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டு சென்றனர். 1974-இல் அட்லாண்டாவில் தொடங்கிய 'பிக் கிரீன் எக்' நிறுவனம் இதை உலகம் முழுவதும் தெரியவைத்தது.

நம் ஊர்க்காரர்களுக்கு ஜப்பான் வரை போகத் தேவையில்லை. தந்தூரி அடுப்பும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கிறது. தடித்த மண்சுவர் முதலில் வெப்பத்தைக் குடித்துக்கொள்கிறது. பிறகு நாலா பக்கமும் அதைத் திருப்பி உமிழ்கிறது. பேராக் மாநிலம் கோலா செபெத்தாங்கில் கண்டல் மரத்தைக் கரியாக்கும் பெரிய செங்கல் சூளைகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். அவற்றுக்கும் குவிந்த கூரைதான், தடித்த சுவர்தான்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தந்தூரியில் கோழியை நீண்ட கம்பியில் கோத்து நிறுத்துகிறார்கள். இறைச்சி தணலிலிருந்து விலகி, சூடான சுவர்களுக்கு நடுவே நிற்கிறது. செராமிக் கிரில்லில் கம்பித் தட்டு, அடுப்பின் விளிம்புக்குக் கீழே, நெருப்புக் கிண்ணத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். கரியைத் தாராளமாக நிரப்பினால் தணலுக்கும் தட்டுக்கும் இடையே ஒரு சாண்கூட இருக்காது. அடியிலிருந்து வரும் அனல், மூடியிலிருந்து வரும் அனலைவிடப் பல மடங்கு கடுமையாகிவிடும்.

அதிலும் நம்மவர்களின் மசாலா சும்மா இருக்காது. தேன், இனிப்புக் கிச்சாப், சீனி என்று ஏதாவது ஒன்று அதில் சேர்ந்திருக்கும். சர்க்கரை மிக விரைவில் கருகும். உள்ளே இறைச்சி வேகத் தொடங்கும் முன்பே மேல்தோல் கறுத்துவிடும்.

உடனே கரியைக் குறைத்தால் போதுமே என்று தோன்றும். தோட்டத்துக் கோயில் திருவிழாக்களில் அன்னதானம் சமைத்தவர்கள் அப்படித்தான் செய்தார்கள். கல் அடுக்கி அண்டாவை ஏற்றி, தீ கூடினால் விறகை வெளியே இழுத்துவிடுவார்கள். மூடிய செராமிக் அடுப்பில் இழுக்க விறகு இல்லை. கரியைக் குறைத்தால் பெரிய கோழி வேகும் முன்பே நெருப்பு அடங்கிவிடலாம். ஆகவே நெருப்பை அப்படியே விட்டு, உணவை மேலே தூக்குவதுதான் வழி. இதற்காகவே உயர்த்தும் சட்டங்கள் கடையில் கிடைக்கின்றன. ஆனால் மூன்று தீச்செங்கல்லும் இரண்டாவது கம்பித் தட்டு ஒன்றும் அதே வேலையைக் குறைந்த செலவில் செய்துவிடும்.

வழக்கமான தீச்செங்கல் 9 அங்குல நீளமும் நாலரை அங்குல அகலமும் இரண்டரை அங்குலத் தடிப்பும் கொண்டது. பாதித் தடிப்பில், அதாவது ஒன்றேகால் அங்குலத்திலும் கிடைக்கும். பாதிக் கல்லைப் படுக்க வைத்துத் தட்டை உயர்த்துபவர்கள் பெரும்பாலும் ஏமாந்துபோகிறார்கள். தூரம் இரட்டித்தால் வெப்பம் கால்வாசியாகும் என்று பள்ளியில் படித்த கணக்கு, ஒரு சிறு விளக்குக்குப் பொருந்தும். அகலமாகப் பரந்து கிடக்கும் தணலுக்கு அப்படியே பொருந்தாது. அங்கே வெப்பம் மெதுவாகத்தான் குறையும். ஒரு அங்குலம் உயர்த்தி மாற்றத்தை எதிர்பார்க்கக் கூடாது.

முழுக் கல்லின் நீளப் பக்கம் கீழே இருக்கும்படி ஓரமாக நிறுத்தினால் நாலரை அங்குலம், அதாவது சுமார் 11 சென்டிமீட்டர் உயரம் கிடைக்கும். பெரும்பாலான அடுப்புகளில் இது உணவை விளிம்பு மட்டத்துக்கோ அதற்குச் சற்று மேலேயோ கொண்டுவந்துவிடும். அங்கே குவிந்த மூடியின் அனலும் சேர்ந்து வேலை செய்யும். இறைச்சியைத் திருப்ப, கையை அடுப்புக்குள் ஆழமாக விடவும் வேண்டியதில்லை.

அடுப்பின் சொந்தக் கம்பித் தட்டை அதன் இடத்திலேயே வைக்க வேண்டும். அதன் மேல் ஓரங்களில் மூன்று கற்கள், அவற்றின் மேல் இரண்டாவது தட்டு. நான்கு கல் வைத்தால் ஏதாவது ஒன்று உயரம் குறைந்து தட்டு ஆடும். மூன்று கல் ஆடாது. மூன்று கல் அடுப்பில் சமைத்த பாட்டிமார்கள் இதற்கு விளக்கம் கேட்டதில்லை.

நடுவில் கிடைக்கும் இடமும் வீணாகாது. கொழுப்பு நேராகத் தணலில் சொட்டித் தீப்பிடிக்காமல் இருக்க, கீழ்த்தட்டில் ஒரு தகரத் தட்டை வைக்கலாம். ஆனால் சுற்றிலும் காற்றுப் போக இடைவெளி வேண்டும். இடைவெளியை அடைத்துவிட்டால் நெருப்பு மூச்சுத் திணறிப் புகைதான் மிஞ்சும்.

பற்ற வைப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் அடுக்கி, கோழியையும் வைத்து, மூடி முழுதாக மூடுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். வெட்டிய துண்டுகளுக்குச் சிக்கல் வராது. முழுக் கோழி சில அடுப்புகளில் மூடியைத் தொட்டுவிடும். சூடேறிய பிறகு இதைக் கண்டுபிடித்தால் கையுறையோடு கல்லைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

எந்தக் கல் என்பதில்தான் கவனம் அதிகம் தேவை. வீடு கட்டும் சிமெண்டுக் கல்லைத் தொடவே கூடாது. அதனுள் இருக்கும் ஈரம் சூட்டில் நீராவியாகி, கல் வெடித்துச் சில்லுகள் தெறிக்கலாம். சாதாரணச் சிவப்புச் செங்கல், திரும்பத் திரும்பச் சூடேறி ஆறும்போது விரிசல் விட்டு உதிரும். தீச்செங்கல் அலுமினாவும் சிலிக்காவும் கலந்த களிமண்ணால், ஆயிரம் டிகிரி செல்சியஸுக்கு மேலான சூட்டைத் தாங்கவே செய்யப்படுவது. கடையில் தீச்செங்கல் என்று கேட்டால் தூக்கும்போதே இலேசாக, நகத்தால் கீறினால் பொடி உதிரும் வெள்ளைக் கல்லையும் காட்டுவார்கள். அது வெப்பத்தைத் தடுக்கும் உறைக்கானது. பாரம் தாங்க ஏற்றதல்ல. கனமான, கெட்டியான கல்லையே கேட்டு வாங்க வேண்டும்.

செம்பனை ஆலைகளின் கொதிகலன்களில் உள்சுவராகப் பதிப்பதும் தீச்செங்கல்தான். பழுதுபார்க்கும்போது கழற்றிப் போட்ட கற்கள் தோட்டப்புறங்களில் சும்மாவே கிடைக்கும். சும்மா கிடைக்கிறது என்று எடுத்துவந்து அதன் மேல் கோழி சுடுவது நல்லதல்ல. பழைய கொதிகலன்களைச் சுற்றிய காப்புப் பொருள்களில் ஆஸ்பெஸ்டாஸ் பயன்படுத்தப்பட்டதுண்டு. அதன் தூள் கல்லில் ஒட்டியிருக்கலாம். உலோகம் உருக்கிய உலைகளிலிருந்து வந்த கல் இன்னும் மோசம். டத்தோ கிராமட் சாலையில் ஈயம் உருக்கிய காலத்தைப் பினாங்குக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய உலைச் சுவர்கள், உருகிய தாதுவில் இருக்கும் ஆபத்தான உலோகங்களையும் உறிஞ்சிவைத்திருக்கும். கழுவினால் போகாது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத கல் உணவுக்குப் பக்கத்தில் வரவே கூடாது.

கல்லை வெட்ட நேர்ந்தாலும் தண்ணீர் ஊற்றி நனைத்து, தூசி பறக்காமல் வெட்ட வேண்டும். பொருத்தமான முகக் கவசமும் தேவை. சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கினால் வெளியே வராது.

ஜோர்ஜ்டவுன் கடைவீடுகளில் குடியிருப்போருக்கு இன்னொரு செய்தி. மாடியின் மரத்தளம் இந்த அடுப்புக்கு ஏற்ற இடமல்ல. கீழே ஐந்தடிப் பாதையும் பலர் நடக்கும் வழி. திறந்த வெளியில், கல் தரையில் வைப்பதே முறை. மழை வந்துவிட்டது என்று எரியும் அடுப்பை உள்ளே உருட்டி வரக்கூடாது. காற்றுத் துளைகளை மூடிய பிறகும் தணல் பல மணி நேரம் உயிரோடிருக்கும். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. மூடிய அறையில் ஆளைக் கொன்றுவிடும்.

மூடியைச் சட்டென்று திறப்பதும் ஆபத்து. காற்றுக்குத் தவித்துக்கொண்டிருக்கும் நெருப்பு ஒரேயடியாக மேலே பாயும். முதலில் இரண்டு விரல் அளவு தூக்கிச் சில நொடிகள் பொறுத்து, பிறகு முழுதாகத் திறக்க வேண்டும்.

புதிய கல்லை முதல் நாளே கொழுந்துவிட்டு எரியும் நெருப்பில் வைக்கக் கூடாது. சிறு தணலில் ஓரிரு மணி நேரம் காயவைத்து, மெதுவாகச் சூட்டைக் கூட்ட வேண்டும். சூடான கல்லில் தண்ணீர் ஊற்றவே கூடாது. கல்லும் சூடாக நேரம் எடுக்கும் என்பதால், சமைக்கும் நாளில் வழக்கத்தைவிட அரை மணி நேரம் முன்னதாகவே அடுப்பைப் பற்ற வைப்பது நல்லது. வெந்துவிட்டதா என்பதை நிறத்தை வைத்து முடிவு செய்யாமல், தொடையின் தடித்த பகுதியில் வெப்பமானியைக் குத்திப் பார்க்கலாம். எலும்பில் படாமல் 74 டிகிரி செல்சியஸ் காட்டினால் பரிமாறலாம்.

சமையல் முடிந்ததும் கற்களை வெளியே விட்டுவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. பினாங்கு மழையில் ஒரே இரவில் அவை தண்ணீரைக் குடித்துவிடும். அடுத்த முறை சூடேறும்போது விரிசல் விழும். ஆறிய பிறகு துடைத்து, அரிசி மூட்டை வைக்கும் இடம் போல ஈரம் படாத மூலையில் வைத்தால் போதும்.