தோற்ற சமரைப் பாடிய கவிஞன் தலைவன் மீது வைத்த ஒரு சொல்

ஆங்கிலோ-சாக்சன் வீரப்பாடல் என்றதும் அரக்கனைக் கொன்ற பெயோவுல்ஃபையே பலரும் சொல்வார்கள். ஆனால் அந்த மொழி ஒரு வீரனை எப்படிக் காட்டுகிறது என்று பார்க்க, தோல்வியைப் பாடும் 'மோல்டன் சமர்' என்ற பாடலே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

991 ஓகஸ்டில் இங்கிலாந்தின் எசெக்ஸ் கரையோரத்தில் வைக்கிங் படையுடன் நடந்த சமர் அது. எசெக்ஸின் தலைவன் பிர்த்நோத் அதில் கொல்லப்பட்டான். அதே ஆண்டில் வைக்கிங்குகளுக்கு 10,000 பவுண் திறை கொடுக்கப்பட்டது. பாடலில் எஞ்சியவை 325 வரிகள். மூல ஏடு 1731இல் தீயில் அழிந்தது. அதற்கு முன்னரே எடுக்கப்பட்டிருந்த ஒரு பிரதியால்தான் பாடல் தப்பியது.

இப்பாடல்களின் ஒவ்வொரு வரியும் இரண்டு பாதிகள். நம்முடைய மோனையைப் போல, ஒரே ஒலியில் தொடங்கும் சொற்கள் அவற்றைப் பிணைக்கின்றன. தலைவன் 'செல்வம் அளிப்பவன்' எனப்படுகிறான். இது வெறும் புகழ்ச்சி அல்ல. அவன் கையால் வாங்கியவர்கள் களத்தில் அந்தக் கடனைத் தீர்க்க வேண்டும் என்பதும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. எதிரிகளோ 'கொலை ஓநாய்கள்'. அவர்களில் ஒருவருக்கும் பாடலில் பெயர் இல்லை.

வைக்கிங்குகள் நின்றது ஒரு தீவில். கடல் வற்றும்போது மட்டும் தெரியும் ஒடுங்கிய பாதையே அதைக் கரையுடன் இணைத்தது. அந்தப் பாதையைச் சிலரே மறித்து நின்றார்கள். எதிரி கரைக்கு வர வழி கேட்டான், பிர்த்நோத் விட்டுக்கொடுத்தான். அந்த முடிவுக்குக் காரணமாகக் கவிஞன் சொல்வது 'ஒவர்மோட்' என்ற ஒரே சொல். அது பெருந்துணிவா, மிதமிஞ்சிய செருக்கா? பழைய ஆங்கிலத்தின் வேறொரு பாடலில் இதே சொல் சாத்தானின் ஆணவத்தைக் குறிக்கிறது. இது கண்டனமே என 1953இல் டோல்கின் வாதிட்டார். எல்லோரும் அதை ஏற்கவில்லை. எனக்கு டோல்கின் பக்கமே சரியாகத் தெரிகிறது. ஏனெனில் அளவுக்கு மீறி நிலத்தை விட்டுக்கொடுத்தான் என்றும் அதே இடத்தில் கவிஞன் சொல்கிறான்.

தலைவன் விழுந்த பின் மற்றவர்கள் பேசுகிறார்கள். டன்னரே என்ற சாதாரணக் குடியானவனுக்கும் அங்கே பெயரும் பேச்சும் உண்டு. ஓடியவனுக்கும் பெயர் உண்டு: கொட்ரிக். தலைவனிடம் பல குதிரைகளைப் பரிசாகப் பெற்றவன், அந்தத் தலைவனின் குதிரையிலேயே ஏறித் தப்பினான். போவது பிர்த்நோத் என்று நினைத்துப் பலர் கலைந்தார்கள்.

அதே பெயரில் இன்னொருவன் கடைசிவரை நின்று போரிட்டான். ஓடிய கொட்ரிக் இவனல்லன் என்று கவிஞன் தெளிவுபடுத்தும் இடத்தில், எஞ்சிய ஏடு நின்றுவிடுகிறது.